யானைமலைக்கு முன்னாடி ஒரு பனிமலை

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம பேப்பர்ல ஊர்ச் சுவர்ல எல்லாம் ஓவியம் வரைஞ்சு அழகு பண்றாங்கன்னு நாலு படத்தோட செய்தி போட்டிருந்தீங்க. அதுல மூணாவது படம் எங்க ஒத்தக்கடைப் பக்கத்துச் சுவர். பச்சைப் புல்லு, நீல ஆறு, பின்னாடி பனி மூடின மலை, "கண்ணைக் கவரும் இயற்கைக் காட்சி"ன்னு கீழ எழுதியிருந்தீங்க. கேமராவை கொஞ்சம் மேல தூக்கியிருந்தா அந்த சுவருக்கு பின்னாடியே நிஜ மலை படுத்திருக்கிறது தெரிஞ்சிருக்கும். யானைமலை. அதை மறைக்கிற மாதிரி ஒரு பனிமலை, அதுவும் மதுரையில, சித்திரை வெயில்ல ரோட்டுல கால் வைக்க முடியாத ஊர்ல. எனக்கு சிரிப்பும் வந்துச்சு, வயித்தெரிச்சலும் வந்துச்சு, ஏன்னா அந்த பனிமலைக்கு அடியில எங்க படம் இருக்கு. அதைச் சொல்லத்தான் இந்த லெட்டர், கொஞ்சம் நீளமா போகும், வெட்டிப் போட்டாலும் பரவாயில்ல, முழுசா படிச்சுட்டு வெட்டுங்க.

நான் சுவர் எழுதுற ஆள். ஆர்ட்டிஸ்ட்னு சொல்லுவாங்க, நாங்களும் சொல்லிக்குவோம். கட்சி விளம்பரம், உரக் கடை, சிமெண்டு, கோயில் திருவிழா தட்டி, லாரிக்கு பின்னாடி எழுத்து, ஸ்கூல் சுவர்ல திருக்குறள், எல்லாம் எழுதியாச்சு. தேர்தல் வந்துட்டா 2 மாசத்துக்கு வீட்டுப் பக்கமே போக மாட்டோம், சுவர் கிடைச்சா வெள்ளையடிச்சு ஓரத்துல 'ரிசர்வ்டு'ன்னு போட்டு வச்சிருவோம், அடுத்தவன் தொட மாட்டான், அது எங்க தொழில்ல ஒரு மரியாதை. 2000க்கு அப்புறம் ஃபிளெக்ஸ் வந்து எங்க பொழப்பை துடைச்சுட்டுப் போயிருச்சு. கூட இருந்த பசங்க பாதிப் பேர் வீட்டுக்கு பெயிண்ட் அடிக்கப் போயிட்டாங்க, ஒருத்தன் ஆட்டோ ஓட்டுறான், நான் பிரஷ்ஷை விடாம அங்கிட்டும் இங்கிட்டும் கிடைக்கிற வேலைய பாத்துக்கிட்டு இருக்கேன். இதெல்லாம் எதுக்கு சொல்றேன்னா, சுவரைப் பத்திப் பேச எனக்கு கொஞ்சம் தகுதி இருக்குன்னு தெரியணும்ல.

வெளியூர்க்காரங்களுக்காக ஒரு வார்த்தை. மாட்டுத்தாவணியத் தாண்டி மேலூர் ரோட்டுல வந்தீங்கன்னா எதிர்ல ஒரே பாறையா ஒரு மலை, தும்பிக்கைய நீட்டிப் படுத்திருக்கிற யானை மாதிரியே இருக்கும், யாரும் காட்டித் தர வேண்டியதில்ல, பஸ்ல ஜன்னலோரம் உக்காந்த சின்னப் பிள்ளை தானா கத்தும். மதுரைய சுத்தி இருக்கிற மலைக்கெல்லாம் திருவிளையாடல்ல கதை உண்டு, யானை எய்த படலம், நாகம் எய்த படலம், மாயப் பசுவை வதைத்த படலம்னு, அதான் யானைமலை, நாகமலை, பசுமலை. மதுரைய அழிக்க சமணருங்க ஏவிவிட்ட யானைய சொக்கநாதர் அம்பு விட்டு கல்லாக்கிட்டார்ங்கிறது எங்க மலையோட கதை. எங்க பாட்டி சொல்லி எனக்கு தெரியும், நான் சொல்லி என் பேரப் பிள்ளைங்களுக்கு தெரியும்.

சரி விஷயத்துக்கு வர்றேன். முந்தின வருஷம் மே மாச லீவுல தெருப் பிள்ளைங்க சும்மா போனை நோண்டிக்கிட்டு திரியுதுகளேன்னு, ஒரு டீச்சரம்மா (எங்க தெருவுல குடியிருக்காங்க, பேர் போட வேணாம்னு சொல்லிட்டாங்க) எங்கிட்ட வந்து, அண்ணே அந்த நீளச் சுவர் அழுக்கா போஸ்டர் கிழிசலா கிடக்கே, பிள்ளைங்கள வச்சு அதுல ஏதாச்சும் வரையலாமான்னு கேட்டாங்க. என்ன வரையிறதுன்னு பேச்சு வந்தப்ப ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க, ஜல்லிக்கட்டுன்னாங்க, மீனாட்சியம்மன் கோபுரம்னாங்க, ஒருத்தர் அவர் தலைவர் படத்தை போட்டா பெயிண்ட் செலவு பூராம் நான் ஏத்துக்கிறேன்னார். கடைசில ஆறாவது படிக்கிற ஒரு புள்ளதான், மலைய வரைவோம், அதை பாத்துப் பாத்தே வரைஞ்சிரலாம்னு சொல்லுச்சு. காப்பி அடிக்க ஈஸிங்கிற அர்த்தத்துலதான் சொல்லுச்சு. ஆனா அந்த ஒரு வார்த்தையில எல்லாருக்கும் சம்மதம் ஆயிருச்சு, அந்த தலைவர் பக்தர் உள்பட.

வீட்டுக்கு 50, 100ன்னு வசூல் பண்ணுனோம். கறிக்கடை பாய் சாரத்துக்கு கம்பும் ஏணியும் குடுத்தார். ஹார்டுவேர் கடையில 20 லிட்டர் வெள்ளை எமல்ஷன் பக்கெட்டு ஒண்ணு, பிரைமர், கருப்பு, சிவப்பு, மஞ்சள், நீலம்னு ஸ்டெய்னர் (வெள்ளையில கலக்குற கலரு) பாட்டில், அவ்வளவுதான். கலரு நிறைய வாங்கணும்னு பிள்ளைங்க நினைச்சுதுக, நாலு ஸ்டெய்னர்ல எத்தன கலர் வரும்னு கலக்கிக் காமிச்சேன், வாயப் பொளந்துருச்சுக.

முதல்ல போஸ்டரை தண்ணி ஊத்தி ஊறப்போட்டு சுரண்டுனோம், அதுக்கே 2 நாளு. ஒரு ஜான் கனத்துக்கு இருந்துச்சு போஸ்டர், மேல கண்ணீர் அஞ்சலி, அதுக்கு கீழ காதணி விழா, அதுக்கு கீழ சினிமா, அதுக்கும் கீழ நானே எழுதுன பழைய விதைக் கடை விளம்பரத்தோட ரெண்டு எழுத்து. அப்புறம் பட்டி பாத்து, பிரைமர் விட்டு, நூல் அடிச்சு கட்டம் போட்டோம். நூல் அடிக்கிறதுன்னா நீலப்பொடியில நூலை தோய்ச்சு ரெண்டு பக்கமும் இழுத்துப் பிடிச்சு நடுவுல சுண்டி விடுறது, பளிச்னு கோடு விழும். பிள்ளைங்களுக்கு வரையிறத விட அதுதான் பிடிச்சுப் போச்சு, தேவையில்லாத இடத்துல எல்லாம் சுண்டி விட்டுச்சுக.

மலைய பாத்து வரையிறது ஈஸின்னு சொல்லுச்சே அந்தப் புள்ள, அது பொய்யின்னு மொத நாளே தெரிஞ்சு போச்சு. நான் 40 வருஷமா அதைப் பாக்கிறேன், எத்தனையோ சுவர்ல வரைஞ்சிருக்கேன், ஆனா எப்பவும் ஒரே மாதிரி ஒரு வளைவு, ஒரு தும்பிக்கை, மேல சாம்பல் கலர், முடிஞ்சது. பிள்ளைங்க கேட்டுச்சுக, தாத்தா மலை சாம்பல் கலரே இல்லயேன்னு. நிமிந்து பாத்தா நிஜமாவே இல்ல. காலைல ஒரு மாதிரி நீலம் ஓடுது, உச்சி வெயில்ல வெளுத்துப் போகுது, சாயங்காலம் மேற்கு வெயில் பட்டா தேச்சு வச்ச செப்புக் குடம் மாதிரி மின்னுது. எந்த நேரத்து மலைய வரையிறதுன்னு ஒரு பெரிய பஞ்சாயத்து. கடைசில தலைப் பக்கம் காலை, நடுவுல மத்தியானம், வால் பக்கம் சாயங்காலம்னு ஒரு முடிவுக்கு வந்தோம். நானா இருந்தா அப்படி யோசிச்சிருக்கவே மாட்டேன்.

இன்னொன்னு. மழைத் தண்ணி வழிஞ்சு வழிஞ்சு பாறையில மேல இருந்து கீழ வரைக்கும் கருப்பு கருப்பா கோடு இருக்கும் பாத்திருக்கீங்களா. அது என்னன்னு ஒரு பையன் கேட்டான். மழை, பாசின்னு நான் விளக்கம் சொல்லிக்கிட்டு இருக்கேன், பக்கத்துல வெத்தலை இடிச்சுக்கிட்டு இருந்த ஒரு அப்பத்தா, "அட போங்கடா, அது மதநீரு, ஆனைக்கு கன்னத்துல வழியிறது"ன்னுச்சு. அவ்வளவுதான், அதுக்கப்புறம் அந்த கருப்புக் கோட்டை வரைய அடிதடி. அந்த அப்பத்தா கையிலயே பிரஷ்ஷை குடுத்து மொத கோட்டை இழுக்கச் சொன்னோம். கை நடுங்குச்சு, கோடு வளைஞ்சு வளைஞ்சு போச்சு, நிஜ மலையிலயும் அப்படித்தான் இருக்கு.

அப்புறம் பிள்ளைங்க ஒரு கேள்வி கேட்டு என்னை மாட்டி விட்டுச்சுக. கதையில யானைய ஏவிவிட்டது சமணருங்கன்னா, மலைக்கு மேல சமண சாமி செதுக்கி இருக்கே, அவங்க மலையில அவங்க யானையா, அப்ப இது கெட்ட யானையான்னு. டீச்சரம்மாதான் சமாளிச்சாங்க. மலை மேல குகையில 2000 வருஷத்துக்கு முந்தின தமிழ் பிராமி எழுத்து இருக்குடா, அதுல 'இவகுன்றம்'னு வெட்டியிருக்காங்க, இவம்னா யானை, அப்பவே இதுக்கு யானைமலைன்னுதான் பேரு, கதையெல்லாம் அதுக்கு எவ்வளவோ காலம் பிந்தி வந்துச்சுன்னாங்க. சம்பந்தர் தேவாரத்துல ஆனைமாமலைன்னு வருதாம். ஆக கதைக்கு முன்னாடியே யானை இருந்திருக்கு. எனக்கே அன்னைக்குத்தான் தெரியும், இத்தனை வருஷமா மலைக்கு அடியிலயே படுத்து எந்திரிச்சுக்கிட்டு.

சமணம்னு பேச்சு வந்ததால ஒண்ணு சொல்லிர்றேன், பெயிண்ட்காரனா எனக்கு அது பெரிய ஆச்சரியம். மலை மேல பாறையில மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி, அம்பிகா இயக்கின்னு வரிசையா செதுக்கியிருக்கில்ல, 1000 வருஷத்துக்கு மேல ஆச்சு, அதுல சுண்ணாம்பு பூசி கலர் அடிச்சிருந்த மிச்சம் இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு. வெயிலு, மழை, காத்து எல்லாம் வாங்கிக்கிட்டு. நாங்க அடிக்கிற எக்ஸ்டீரியர் எமல்ஷன் 7 வருஷம் வாரண்டின்னு டப்பாவுல போட்டிருக்கும், 3 வருஷத்துல உப்புப் பூத்து உரிஞ்சுரும். அந்தக் காலத்து ஆளுங்க என்னத்த கலந்தாங்களோ.

கீழ நரசிங்கம் கோயில் குடைவரை, கி.பி. 770ல பராந்தக நெடுஞ்சடையன் பாண்டியன் காலத்துல அவரோட மந்திரி மாறன் காரி வெட்ட ஆரம்பிச்சு, குடமுழுக்கு பாக்காமலே அவர் போய்ச் சேந்துட்டார், அவர் தம்பி மாறன் எயினன் முகமண்டபம் கட்டி முடிச்சார், கல்வெட்டுலயே இருக்கு. அண்ணன் தொடங்குன வேலைய தம்பி முடிச்சுக் குடுத்தது. அந்தக் கோயில் தெப்பத்துலதான் மாசிப் பௌர்ணமிக்கு திருமோகூர் பெருமாள் வந்து கஜேந்திர மோட்சம் நடக்குது. யானைமலை அடியில யானைக்கு மோட்சம்! பக்கத்துலயே முருகனுக்கு லாடன் கோயில். ஒரே மலையில பெருமாள், முருகன், சமணம் எல்லாம் இருக்கு, அதனால எங்க சுவர்ல எந்த சாமியும் பெருசா வேணாம்னு பேசி முடிச்சோம். மலை அடிவாரத்துல சின்னச் சின்னதா அவங்கவங்களுக்கு வேணுங்கிறத வரைஞ்சுக்கலாம். ஒரு புள்ள கோயில் தெப்பத்துல தாமரை, ஒண்ணு பள்ளிவாசல் மினார், ஒண்ணு ஐகோர்ட்டு கட்டடம் (அவங்க அப்பா அங்க கேண்டீன்ல வேலை), ஒருத்தன் அவங்க வீட்டு ஆடு. கொடிக்குளத்துப் பொண்ணு ஒண்ணு லீவுக்கு மாமா வீட்டுக்கு வந்திருந்துச்சு, அது எங்க ஊர்ல இருந்து பாத்தா யானையே தெரியாது, எனக்கு இது பொய்யா தெரியுதுன்னு சண்டை போட்டு, ஓரத்துல தனியா 4 அடிக்கு அவங்க ஊர்ப் பக்கத்து மலைய வரைஞ்சு, அதுக்கு கீழ ஒரு பள்ளிக்கூடம் வரைஞ்சுச்சு. மகள் நினைவா ஒரு அம்மா கோடிக்கணக்குல விலை போற நிலத்த எழுதிக் குடுத்தாங்களே 2024ல, முதலமைச்சர் கூப்பிட்டு விருது குடுத்தாரே, அந்த கொடிக்குளம் பள்ளிக்கூடம்தான் அது.

மொத்தம் 11 நாள். 40 அடி சுவரு. டிராயிங்கா பாத்தா ஒழுங்கே கிடையாது, ஆடு ஐகோர்ட்டை விட பெருசு. வடக்க இருந்து கொத்து வேலைக்கு வந்த குடும்பத்துப் பையன் ஒருத்தன், தமிழ் அரைகுறையாத்தான் வரும், அவன் யானைக்கு ஒரு கண்ணு வரைஞ்சான் பாருங்க, பாதி மூடுன மாதிரி, தூங்குதா முழிச்சுக்கிட்டு இருக்கான்னு தெரியாத கண்ணு. என் வாழ்நாள்ல அப்படி ஒரு கண்ணு நான் போட்டதில்ல.

எழுத வேண்டிய ஒண்ணு, அந்த சுவர்ல அதுக்கப்புறம் ஒருத்தன் போஸ்டர் ஒட்டல. ஒண்ணுக்கு போகல. எச்சித் துப்பல. காவலுக்கு யாரும் நிக்கல, சட்டப்படி தண்டிக்கப்படுவீர்கள்னு எழுதி வைக்கல. எங்க பிள்ளை வரைஞ்சதுன்னா எவன் துப்புவான்.

ஏழு மாசம் இருந்துச்சு. அப்புறம் ஒரு நாள் நான் திருமங்கலம் பக்கம் வேலைக்குப் போயிருந்தேன், சாயங்காலம் வந்து பாக்கிறேன், சுவர் பூராம் வெள்ளை. அழகுபடுத்துற திட்டமாம், காண்ட்ராக்ட் எடுத்த ஆளுங்க வெளியூர்ல இருந்து வந்து, சதுர அடிக்கு இவ்வளவுன்னு ரேட்டு போட்டு ரெண்டே நாள்ல அந்த பனிமலைய அடிச்சுட்டுப் போயிட்டாங்க. எந்த ஆபீஸ், யாரு காண்ட்ராக்டர்னு இங்க எழுத வரல, வரைஞ்ச பையன்கள் மேலயும் கோவம் இல்ல, அவனுகளும் என்னைய மாதிரி கூலிக்காரன்தான், போன்ல ஒரு படத்த குடுத்து இதை வரைன்னா வரைஞ்சிருக்கான். ஒரு வார்த்தை, ஏம்ப்பா ஏற்கனவே இங்க ஒரு படம் இருக்கே இது யாரு வரைஞ்சதுன்னு டீக்கடையில கேட்டிருக்கலாம். எங்க தொழில்ல ரிசர்வ்டுன்னு ஒரு வார்த்தை இருந்தா எதிர்க்கட்சிக்காரன் கூட தொட மாட்டான்னு சொன்னேன்ல. பிள்ளைங்க அதை எழுதல, அதுதான் தப்பாப் போச்சு. கண்ணு வரைஞ்ச பையன் அன்னைக்கு சுவர் முன்னாடி நின்னுட்டு ஒண்ணும் சொல்லாம போயிட்டான். அப்பத்தாதான் வாய்க்கு வந்ததை எல்லாம் வஞ்சுச்சு, அதை உங்க பேப்பர்ல போட முடியாது.

அழகு பண்றது தப்புன்னு நான் சொல்ல வரலைங்க. அழகுங்கிறது ஏதோ வெளியில இருந்து லாரியில வந்து எறங்குற சாமான்னு நினைக்கிறாங்க பாருங்க, அங்கதான் எனக்கு இடிக்குது. 2010 வாக்குல இதே மலைய சிற்ப நகரமா ஆக்கப் போறோம், பாறையில சிற்பமா செதுக்கித் தள்ளப் போறோம்னு ஒரு திட்டம் வந்துச்சு, ஞாபகம் இருக்கா. மேல கேட்டா அழகான திட்டம்தான், கலை வளரும்னாங்க. நரசிங்கம், ஒத்தக்கடை, கொடிக்குளம்னு சுத்துப்பட்டு ஊர்க்காரங்க அத்தனை பேரும் கிளம்பி மலைய தொடக் கூடாதுன்னு நின்னாங்க, திட்டம் நின்னு போச்சு. அன்னைக்கு தட்டி எழுதிக் குடுத்தவன்ல நானும் ஒருத்தன், காசு வாங்கல. அந்த வருஷம்தான் பசுமை நடைன்னு மாசா மாசம் ஒரு மலை, ஒரு கல்வெட்டுன்னு மக்கள கூட்டிட்டுப் போக ஆரம்பிச்சாங்க எழுத்தாளர் முத்துக்கிருஷ்ணனும் கூட இருந்தவங்களும். மேலூர்ப் பக்கம் கிரானைட்டுன்னு மலை மலையா அறுத்தது எல்லாருக்கும் தெரியும். அரிட்டாபட்டிய 2022ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம்னு அறிவிச்சாங்க, 2 வருஷத்துல அந்தப் பகுதியையும் சேத்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம், ஊரே திரண்டு நரசிங்கம்பட்டியில இருந்து தல்லாகுளம் வரைக்கும் நடந்து வந்து, 2025 ஜனவரியில ரத்தாச்சு. இங்க மலைன்னா சும்மா சீனரி இல்லைங்க. அதைக் காப்பாத்த ரோட்டுல நடந்த சனத்தோட பிள்ளைங்கதான் இதுக, அதுக வரைஞ்ச மலைய அழிச்சுட்டு எந்த ஊருன்னே தெரியாத மலைய வைக்கிறதுன்னா எப்படி.

எங்க ஆளுங்க மேலயும் தப்பு இருக்கு, அதையும் சொல்லிரணும். மலை மேல போய்ப் பாருங்க, சமணர் படுக்கைக்குப் போற வழிப் பாறையில எனாமல் பெயிண்ட்ல ஹார்ட்டு போட்டு அம்பு விட்டு ரெண்டு பேரு, பிளஸ் டூ பேட்ச்சு, கட்சி சின்னம். எனாமல் பாறையில ஏறுனா லேசுல போகாது தம்பிகளா. தின்னர் போட்டுத் துடைக்கலாம்னு ஒரு தடவை கொஞ்சம் பேர் கிளம்புனாங்க, நான்தான் வேணாம்னு தடுத்தேன், பக்கத்துல அந்த 1000 வருஷத்துக் கலர் இருக்கு, தின்னர் வழிஞ்சு அதுல பட்டா போச்சு. அது தொல்லியல் துறைக்காரங்க செய்ய வேண்டிய வேலை, நாம கை வைக்கக் கூடாது. வரையணும்னு கை அரிக்குதா, என் வீட்டுக்கு வாங்க, என் வீட்டுச் சுவரையே தர்றேன்.

நான் கேக்கிறது பெருசா ஒண்ணுமில்ல. மேலூர் ரோட்டோரம் ஸ்கூல் சுவரு, பாலத்து அடி, ரேஷன் கடைச் சுவருன்னு எவ்வளவோ வெறுமனே கிடக்கு, அடுத்தும் டெண்டர் விடத்தான் போறாங்க. விடுறதுக்கு முன்னாடி அந்தத் தெருக்காரங்கள கூப்பிட்டு என்ன வேணும்னு ஒரு நாள் கேளுங்க. பெயிண்ட்டை குடுங்க, சாரத்தை குடுங்க, ஃபிளெக்ஸால வேலை போன பழைய எழுத்து ஆர்ட்டிஸ்ட்டுங்க மதுரையில இன்னும் இருக்கோம், எங்களுக்கு நாள் கூலிய குடுங்க, பிள்ளைங்களுக்கு நூல் அடிக்க நாங்க சொல்லித் தர்றோம். செல்லூர்க்காரங்க வைகைய வரையட்டும், விளாச்சேரியில பொம்மை செய்றவங்க அவங்க மண்ண வரையட்டும், திருப்பரங்குன்றத்துல அவங்க குன்றை வரையட்டும். கோணலா இருக்கும். இருக்கட்டுமே. ஆடு பெருசா இருக்கும். வீட்டுல நிஜமாவே அதுக்கு அந்த ஆடு பெருசுதானே.

பனிமலை நிலவரம் என்னன்னா, அந்த காண்ட்ராக்ட் ஆளுங்க பிரைமர் விடல. பழைய பெயிண்ட் மேல அப்படியே ஒரு கோட்டு டிஸ்டம்பர இழுத்திருக்காங்க. ஐப்பசி மழைக்கு ஊறி இப்ப அங்கங்க பொக்களம் விட்டு உரியுது. நடு மலையில பனி உரிஞ்ச இடத்துல அப்பத்தா இழுத்த கருப்புக் கோடு ரெண்டு தெரியுது, பக்கத்துல அந்தப் பையனோட கண்ணு முக்காவாசி வந்துருச்சு. தெருப் பிள்ளைங்க தினம் ஸ்கூல் விட்டு வரும்போது நகத்தால கொஞ்சம் சுரண்டி விடுதுகன்னு கேள்வி, நான் பாக்கல, பாத்தாலும் சொல்ல மாட்டேன்.

உங்க போட்டோகிராபரை இன்னொரு தடவை அனுப்புங்க ஐயா. சாயங்காலம் 5 மணிக்கு மேல வரச் சொல்லுங்க, அப்பத்தான் மலையில வெயில் விழும். இந்தத் தடவை சுவரையும் மலையையும் சேத்து ஒரே படமா எடுக்கச் சொல்லுங்க. டீ நான் வாங்கித் தர்றேன்.

இப்படிக்கு,
பழைய சுவர் எழுத்து ஆர்ட்டிஸ்ட் ஒருவன்,
ஒத்தக்கடை, மதுரை.